நாற்காலிக்கு எதற்குச் சட்டை

...சாட்டின்தான், சந்தேகமே வேண்டாம், அதுவும் இரண்டாம் தரம் இல்லை, விரலை வைத்ததுமே தெரிந்துவிட்டது, கசக்கினாலும் கோடு விழாத முதல் தரம், இதைப் போய் நாற்காலிக்கு மாட்டி வைத்திருக்கிறார்களே, நாற்காலிக்கு எதற்குச் சட்டை, பின்னால் நீல ரிப்பனில் ஒரு முடிச்சு வேறு, பிறந்தநாள் கொண்டாடப்போகிற குழந்தை மாதிரி... பெரியவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைப் பின்னால் விட்டு அந்த முடிச்சைத் தடவிப் பார்த்தாள். திரைச்சீலைக் கடையில் நின்று நின்றே தலை நரைத்தவள், துணியை அவள் கண்ணால் பார்ப்பதில்லை, விரலால்தான் பார்ப்பாள். பெரியவள் என்றால் ஊருக்குப் பெரியவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், அண்ணன் தம்பி இருவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இரண்டு மருமகள்களில் இவள் மூத்தவள், அதோ மேடையில், தான் நடத்துகிற டயாலிசிஸ் அறக்கட்டளையின் விழாவில் மைக் முன்னால் நிற்கிறாளே அவள் இளையவள், மாமியார் இருந்தவரை பெரியவ, சின்னவ என்றே கூப்பிட்டுப் பழக்கிவிட்டார், அவர் போய்ச் சேர்ந்த பிறகும் பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆனால் இந்த ஹோட்டல் ஹாலுக்குள் யாரைக் கேட்டாலும் பெரியவள் யார் என்று மேடையைத்தான் காட்டுவார்கள். சரி, ஒரு நாற்காலிக்கு இரண்டு மீட்டராவது ஆகியிருக்கும், தையல் கூலி, ரிப்பன், ஹால் நிறைய நாற்காலி, கூட்டிப் பார்த்தால்... கூட்டிப் பார்க்காதே, கூட்டிப் பார்த்தால் சாப்பாடு இறங்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மனசு கேட்டால்தானே? வாடிக்கையாளர் ஜன்னலின் அளவைச் சொல்லி வாய் மூடுவதற்குள் விலை சொல்லிப் பழகிய மனசு அது, தன்பாட்டுக்குக் கூட்டிக் கழித்து, வழக்கம்போல அதை டயாலிசிஸாகவும் மாற்றி முடித்துவிட்டது. இரண்டு மாதம். தன் கணவருக்கு இரண்டு மாதம் ஓடக்கூடிய டயாலிசிஸ், இந்த நாற்காலிகளின் முதுகில் முடிச்சுப் போட்டுக்கொண்டு நிற்கிறது.

எதைப் பார்த்தாலும் டயாலிசிஸாக மாற்றிப் பார்ப்பது இவளாகக் கண்டுபிடித்த வித்தை இல்லை, கணவரைக் கூட்டிப்போகிற சிகிச்சை மையத்தின் நடைபாதையில் உட்காருகிறவர்கள் எல்லோருக்கும் தொற்றிக்கொள்கிற பழக்கம். உள்ளே வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் இயந்திரம், ரத்தத்தை வெளியே இழுத்துக் கழுவித் திருப்பி அனுப்பும், அது முடிகிறவரை கூட வந்தவர்களுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிதான் கதி. டாக்ஸிக்காரர் ஒருவர் அங்கே நோயாளி, அவர் மனைவி ஒருநாள் புதுச் செருப்பில் வந்தாள், எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை, எத்தனை டயாலிசிஸ் என்றுதான் கேட்டார்கள், அவளும் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக் காட்டி, "அரை டயாலிசிஸ்தான்க்கா, தள்ளுபடியில" என்றாள், நடைபாதையே சிரித்தது, சிரித்து முடித்ததும் அவரவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில் நடுவாக ஒரு விரிசல் உண்டு, உட்காரும்போது வாயைத் திறக்கும், எழுந்திருக்கும்போது தொடையைக் கவ்வும், புதிதாக வருகிறவர்கள் ஆவென்று துள்ளுவார்கள், பழையவர்கள் அதில் ஒரு துண்டை மடித்துப் போட்டு உட்காருவார்கள். போன வருடம் சின்னவள் வீட்டுக்கு வந்திருந்தபோது பெரியவள் வாய்விட்டே கேட்டாள், அந்த இடத்துக்கு ஒரு நல்ல பெஞ்சு போட்டுக் கொடேன் என்று. "கண்டிப்பா செஞ்சுரலாங்க்கா, அடுத்த பட்ஜெட்ல வெச்சுருவோம்" என்று சின்னவள் கையைப் பிடித்துச் சொன்னாள், அவள் எதையும் கையைப் பிடித்துத்தான் சொல்வாள், பிடித்த கையை விட்டதும் சொன்னதும் போய்விடுமோ என்னவோ, பெஞ்சு வரவில்லை. அங்கே நாற்காலிக்கு உடம்பே இல்லை, இங்கே நாற்காலிக்கு உடுப்பு. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

மேடையில் சின்னவள் பேசிக்கொண்டிருந்தாள், சாதாரணக் கைத்தறிச் சேலை, காதில் பொட்டுத் தோடு, கழுத்தில் ஒன்றுமில்லை, இடது தோளில் மட்டும் கமிட்டிக்காரர்கள் எல்லோரும் குத்திக்கொண்டிருக்கிற நீல ரிப்பன் பூ. அந்த எளிமைதான் பெரியவளுக்குக் கண்ணை உறுத்தியது, பட்டும் நகையுமாக வந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம், இப்படி வந்து நின்றால் வாயில் என்ன வரும்? அந்தக் கைத்தறியின் விலையும் இவளுக்குத் தெரியும், எளிமையும் இப்போதெல்லாம் நல்ல விலைக்குத்தான் விற்கிறது. சின்னவளின் தலைக்குப் பின்னால் சுவர் அகலத்துக்குத் திரை, திரை நிறைய ஒரு கை, தழும்பும் மேடுமாக வீங்கிய ரத்தக்குழாயோடு, ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன கை... அது இவள் கணவரின் கைதான். தினமும் தூங்கப்போகுமுன் அந்த மேட்டில் விரலை வைத்துப் பார்ப்பாள், உள்ளே வண்டு பறக்கிற மாதிரி அதிர வேண்டும், அதிர்ந்தால் ரத்தம் ஓடுகிறது, அப்புறம்தான் இவளுக்குத் தூக்கம். அந்தக் கையை இவ்வளவு பெரிசாக, விளக்குப் போட்டு, ஹாலில் முன்பின் தெரியாதவர்கள் ஜூஸ் உறிஞ்சிக்கொண்டே பார்க்கிறார்கள். "எங்க அத்தானுக்குத் தண்ணி தாகம் எடுக்கும், ஆனா குடிக்கக் கூடாது, ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர்தான், அதனால வீட்டுல குட்டிக் குட்டி ஐஸ் கட்டியா போட்டு வெச்சிருப்பாங்க, ஒண்ணொண்ணா வாயில போட்டுக்குவாரு" என்று சின்னவள் சொல்ல, ஹாலில் உச்சுக்கொட்டினார்கள். போட்டு வெச்சிருப்பாங்களாம். யார்? ஆள் இல்லாத வீட்டில் ஐஸ் தானாக உறைந்து தட்டில் வந்து உட்கார்ந்துகொள்கிறதா? நோய் என்று தெரிந்த முதல் வாரம் பை நிறைய வாழைப்பழமும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வந்து நின்றவள்தானே இந்தச் சின்னவள், சிறுநீரகம் போனவனுக்கு எதைக் கண்ணில்கூடக் காட்டக் கூடாதோ அதையே பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எடுத்து வந்த மாதிரி! அன்றைக்குப் பெரியவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பழப்பையை அப்படியே மடக்கி, உன் வீட்டுக்காரனுக்குக் கொடு என்று திருப்பி அனுப்பினாள். அன்று வாழைப்பழம் கொண்டுவந்தவள் இன்று பழத்திலுள்ள பொட்டாசியம் பற்றி மேடையில் பேசுகிறாள், இவள் கீழே பத்தாவது வரிசையில் உட்கார்ந்து துணி விலை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அதுகூடப் பரவாயில்லை, பேசட்டும், பேச வருகிறவள் பேசிவிட்டுப் போகட்டும், ஆனால் இவர் ஏன் இப்படிப் பார்க்கிறார்? பக்கத்து நாற்காலியில் கணவர் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல், வாயில் ஈ புகுந்தாலும் தெரியாதவராக உட்கார்ந்திருந்தார். காலையில் அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டது யார், கால் வீங்கி இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தது யார், உருளைக்கிழங்கைத் துண்டு போட்டு இரண்டு தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து உப்பில்லாமல் சமைத்தது யார், அதைத் தட்டில் வைத்ததும் "இன்னைக்கும் இதேதானா" என்று முகத்தைச் சுளித்தது யாரிடம்? அவரவர் வீட்டில் முகத்தைச் சுளிக்க ஓர் ஆள், மேடையைப் பார்த்து உருக ஓர் ஆள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இவளை ஒரு தடவையாவது இப்படிப் பார்த்திருக்கிறாரா... இருக்கும், ஆரம்பத்தில் இருக்கும், மறந்துபோயிற்று. பரிமாறுகிறவர் ஒருவர் குனிந்து, "சார், மேடம் குடுக்கச் சொன்னாங்க" என்று ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தை நீட்டினார். உள்ளே ஐஸ் கட்டிகள், விரல் நுனி அளவு, சரியாக வீட்டில் இவள் போடுகிற அதே அளவு. ஹால் முழுக்க ஜூஸ் ஓடும்போது அத்தான் பாவம் பார்த்துக்கொண்டிருப்பாரே என்று ஞாபகம் வைத்துச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். கணவரின் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா, மேடையில இருந்துக்கிட்டே நம்மள கவனிக்கிறா" என்றார். பெரியவளுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. இவள் கைப்பையிலும் ஐஸ் இருக்கிறது, சின்ன ஃபிளாஸ்க்கில், வீட்டிலிருந்தே போட்டுக் கொண்டுவந்தது, இன்னும் அரைமணி கழித்துக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தாள். அதை இனி எடுத்து என்ன பிரயோஜனம்? ஃபிளாஸ்க் மூடியை ஒருமுறை திருகிப் பார்த்துவிட்டுக் கைப்பையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

சரி, நியாயமாக யோசிப்போம், என்று மனசை உட்கார வைத்துப் பேசினாள், வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ், அதில் இரண்டுக்கு இந்த அறக்கட்டளை கட்டுகிறது, ஒன்றுக்கு இவள் கடைச் சம்பளம், அந்த இரண்டும் இல்லாவிட்டால் இந்த மனிதர் பக்கத்தில் இப்படி ஐஸ் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார், இது சத்தியம். அவரைப்போல நாற்பது ஐம்பது பேர், அதுவும் சத்தியம். அப்படியென்றால் நாற்காலிக்குச் சட்டை போட்டால் உனக்கென்ன, கழற்றினால் உனக்கென்ன? ஆனால் சட்டையும் சத்தியம்தானே, மேடை ஓரத்தில் அடுக்கிய வெள்ளை லில்லிகளும் சத்தியம், வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கிற கண்ணாடிக் கேடயமும் சத்தியம், போன வருடக் கேடயம் இவள் வீட்டுப் பின்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்து நிற்கிறது, நல்ல கனம். இதெல்லாம் எந்தப் பணம்? கொடுத்தவர்கள் டயாலிசிஸுக்கு என்று கொடுத்ததா, இல்லை பூவுக்கு என்று தனியாக யாராவது கொடுத்தார்களா? கேட்கிற உரிமை இவளுக்கு இல்லாமல் வேறு யாருக்கு இருக்கிறது? கேள்வி சரிதான், நூற்றுக்கு நூறு சரி... ஆனால் ஒரு விஷயம், சின்னவள் இடத்தில் முன்பின் தெரியாத ஒருத்தி நின்றிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்குமா? அந்த ஒருத்தி, இவள் கணவரைப் பேர் தெரியாத நோயாளியாக வைத்து உதவியிருந்தால், ரிப்பனைத் தடவி விலை பார்த்திருப்பாளா, இல்லை, அடடா எவ்வளவு அழகு என்று உட்கார்ந்திருப்பாளா? நியாயம் எங்கே முடிகிறது, வயிற்றெரிச்சல் எங்கே ஆரம்பிக்கிறது, இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டதே, பிரித்தால் இரண்டும் கிழியும். தவிர, கேட்டுவிட்டால் என்ன ஆகும்? அந்த இரண்டு டயாலிசிஸ் என்ன ஆகும்? கமிட்டியில் ஒருவர் மூஞ்சியைத் தூக்கினால் போதும், அடுத்த மாதப் பட்டியலில் பேர் இருக்குமா? கேட்காமல் இருந்தால்? இருந்தால் என்ன, இதே பத்தாவது வரிசை, இதே ஃபிளாஸ்க். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் நிகழ்ச்சி நடத்துகிற பெண் கையில் மைக்கோடு கீழே இறங்கி வந்தாள், வருடா வருடம் நடக்கிறதுதான், பயன் பெற்றவர்கள் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், கேட்கிறவர்கள் மனம் இளக வேண்டும், இளகிய சூட்டோடு மேஜைமேல் இருக்கிற நன்கொடை உறைகள் நிரம்ப வேண்டும். மைக் நேராக இவள் கணவரிடம் வந்தது. அவர் எழுந்தார், எழும்போதே குரல் தழுதழுத்தது, மனிதர் பெரிய பேச்சாளர் ஒன்றும் இல்லை, ஆனால் நேற்றிலிருந்து குளியலறையில் ஒத்திகை பார்த்தது இவள் காதில் விழாமலா இருந்தது? "எங்க அம்மா என்னை ஒரு தடவதான் பெத்தாங்க" என்றார், நிறுத்தினார். "என் தம்பி பொண்டாட்டி இருக்கே, இந்தப் பொண்ணு, என்னை வாரத்துக்கு ரெண்டு தடவ பெத்துக்கிட்டு இருக்குது." ஹால் ஒரு கணம் சிரித்தது, அப்புறம் கைதட்டியது, தட்டிய கை நிற்கவே இல்லை, முதல் வரிசையில் போனைப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்த கொழுந்தன்கூட ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான், மேடையில் சின்னவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ரெண்டு தடவை. அப்போது அந்த மூன்றாவது? வாரத்தில் மூன்றாவது தடவை இந்த மனிதரைப் பெற்றுப் போடுவது யார்? ஏணிமேல் ஏறித் திரைச்சீலைத் தடி மாட்டி, வளையம் கோர்த்து, வீட்டம்மாக்கள் இன்னும் கொஞ்சம் இடது பக்கம், இன்னும் கொஞ்சம் வலது பக்கம் என்று ஆட்டிவைக்கிறதுக்கெல்லாம் ஆடி, அந்தக் கூலியில் மூன்றாவது பிரசவம் பார்க்கிறவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாளே, கண் தெரியவில்லையா? அவர் உட்கார்ந்தார், வேர்த்திருந்தது, இவள் பக்கம் திரும்பி, நல்லா இருந்துச்சா என்கிற மாதிரி புருவத்தை உயர்த்தினார். நிகழ்ச்சிப் பெண் மைக்கை இவள் பக்கம் நீட்டி, "அம்மா, நீங்களும் ரெண்டே ரெண்டு வார்த்தை" என்றாள். பெரியவள் வேண்டாம் என்று தலையாட்டத்தான் நினைத்தாள், நினைத்தது தலைக்குப் போய்ச் சேர்வதற்குள் எழுந்து நின்றுவிட்டாள்.

"எனக்குப் பேசவெல்லாம் தெரியாது" என்றது ஒலிபெருக்கி, அது தன் குரல்தானா, இவ்வளவு தடியாகவா இருக்கும்? "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நாற்காலிக்கெல்லாம் துணி போட்டிருக்கே... இது எத்தனை டயாலிசிஸ்?" எவ்வளவு ஆச்சு என்றுதான் கேட்க நினைத்தாள், வந்து உட்கார்ந்ததிலிருந்து அப்படித்தான் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது, வாயில் நடைபாதைப் பேச்சு வந்து விழுந்துவிட்டது. பின்வரிசையில் டாக்ஸிக்காரர் மனைவி களுக்கென்று சிரித்தது கேட்டது, சிரித்தவள் உடனே வாயைப் பொத்தியிருக்க வேண்டும், சிரிப்பு பாதியில் அறுந்தது. "அந்தப் பூவு... அது எத்தனை டயாலிசிஸ்?" என்றாள். அடுத்தது பெஞ்சு, பெஞ்சைத்தான் கேட்க வேண்டும், பெஞ்சுக்காகத்தானே இவ்வளவும், அந்த விரிசல் விட்ட நாற்காலி, மடித்துப் போடுகிற துண்டு, எல்லாவற்றையும் சொல்ல வாயெடுப்பதற்குள் கணவர் முந்தானையைப் பிடித்து இழுத்தார். போச்சு, எல்லாம் போச்சு, அடுத்த மாதம் இரண்டும் போச்சு. ஆனால் அந்தப் பயத்துக்கு நடுவிலும் பெரியவள் ஒன்றைப் பார்த்தாள், மேடையில் சின்னவளின் முகத்தில் ரத்தம் வற்றியது, உதடு திறந்தது, திறந்தபடியே நின்றது, வாய் ஓயாத சின்னவளுக்கு வார்த்தை வரவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும். இத்தனை வருடத்தில் இவ்வளவு இனிப்பாக எதையும் ருசித்ததில்லை என்று தோன்றியது, தோன்றியதும் சீ என்றும் இருந்தது.

சின்னவள் மேடையை விட்டு இறங்கினாள். மெதுவாக, வரிசை வரிசையாகத் தாண்டி, ஹாலில் எல்லாத் தலையும் கூடவே திரும்ப, நேராக இவளிடம் வந்து... கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது அந்தக் கை. மைக்கை வாங்கிக்கொண்டாள். "கேட்டீங்களா?" என்றாள் கூட்டத்தைப் பார்த்து, குரல் உடைந்திருந்தது, நடிப்பா நிஜமா, பக்கத்தில் நின்ற இவளுக்கே தெரியவில்லை. "இதான் எங்க அக்கா. இவங்க காசுல கணக்குப் பாக்க மாட்டாங்க. டயாலிசிஸ்லதான் கணக்குப் பாப்பாங்க. இத்தன வருஷமா நான் மேடையில நின்னு பேசிப் புரியவைக்க முடியாதத ஒரே கேள்வியில புரியவெச்சுட்டாங்க. இப்ப நான் உங்களக் கேக்குறேன், உங்க கையில இருக்குற போன் எத்தனை டயாலிசிஸ்? கட்டியிருக்குற வாட்ச் எத்தனை டயாலிசிஸ்? வாசல்ல நிக்கிற கார் எத்தனை டயாலிசிஸ்? யோசிச்சுப் பாருங்க. ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க." ஹால் யோசித்தது. அப்புறம் மரக்கடைக்காரர் ஒருவர், முன்வரிசையில் தொப்பையை மேஜையில் சாய்த்து உட்கார்ந்திருந்தவர், எழுந்து தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி உறைகள் போடுகிற கண்ணாடிப் பாத்திரத்தில் டங்கென்று போட்டார். அவ்வளவுதான், அணை உடைந்த மாதிரி, உறைகள் கிழிந்தன, பேனாக்கள் ஓடின, ஒரு பெண்மணி வளையலோடு மல்லுக்கட்டினாள், ஆளாளுக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள், யாருக்கு, சின்னவளுக்கா, இல்லையே, எல்லாக் கண்ணும் இவள்மேல் அல்லவா இருந்தது! பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை. மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், லில்லிப் பூவின் வாசனை மூக்கில் ஏறியது, திரையில் கணவரின் கைக்குப் பதிலாக இப்போது இவள் முகம், எவ்வளவு பெரிய முகம், மூக்குத்தி எப்படி மின்னுகிறது. சின்னவள் தன் தோளிலிருந்த ரிப்பன் பூவைக் கழற்றி இவள் தோளில் குத்தினாள். "இனிமே அக்காவும் நம்ம கமிட்டி" என்றாள். குத்தும்போது காதருகே, மைக்குக்குக் கேட்காமல், "ஒரு நிமிஷம் உயிரே போயிருச்சுக்கா" என்று சொன்னாள், சொல்லிவிட்டுச் சிரித்தாள். தப்பித்துவிட்டோம் என்கிற சிரிப்பா? இல்லை, அக்கா நம்மைத் தாக்கவில்லை, நமக்காகத்தான் பேசியிருக்கிறாள் என்று நிஜமாகவே நினைத்துவிட்ட வெள்ளைச் சிரிப்பா? முகத்தை உற்றுப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாததோடு ஒரு பொறாமையும் சேர்ந்தது, தன் கேள்வியைத் தன்னைவிட நன்றாக ஒருத்தி கேட்டுவிட்டாளே!

சாப்பாட்டு மேஜையில் யார் யாரோ வந்து கையைக் குலுக்கினார்கள், அடுத்த வருடப் பேனரில் எத்தனை டயாலிசிஸ் என்கிற அந்த வார்த்தையைத்தான் போடப்போகிறோம் என்று ஒரு கமிட்டிக்காரர் சொன்னார், எழுத்து எவ்வளவு பெரிசாக இருக்கும் என்று கையை அகல விரித்துக் காட்டினார், பேனர் துணி எத்தனை மீட்டர் என்று மனசு ஆரம்பித்ததை இவளே அதட்டி அடக்கினாள். டாக்ஸிக்காரர் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கட்டிப்பிடித்தாள், "அக்கா, நான் பெஞ்சத்தான் கேக்கப்போறீங்கன்னு நெனச்சேன்" என்றாள். பெரியவள் சிரித்து வைத்தாள். கேட்டுவிடலாம், இனி என்ன, கமிட்டியிலேயே சேர்த்துவிட்டார்களே, உள்ளேயே உட்கார்ந்து கேட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள், நினைத்ததில் ஒரு தெம்பும் வந்தது, அந்தத் தெம்பு கேட்கப்போகிறோம் என்பதாலா, உட்காரப்போகிறோம் என்பதாலா... உப்புப் போட்ட சாப்பாட்டைக் கணவர் தொடாமல் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தாள். இருந்தார். வெறும் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, வந்தவர்களிடமெல்லாம், "என் வீட்டுக்காரிதான், கடையில வேல, ரொம்ப விவரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரொம்ப விவரமாம். அவள் அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி நின்று இன்னொரு தடவை காதில் வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது டாக்ஸியில் வெயில் ஒரு பக்கமாக அடித்தது, அவரை நிழல் பக்கம் உட்காரச் சொல்லிவிட்டு இவள் வெயிலில் உட்கார்ந்தாள். ஃபிளாஸ்க்கைத் திறந்து நீட்டினாள், பாதி உருகியிருந்தது, மிச்சமிருந்த கட்டி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "நம்ம வீட்டு ஐஸ்தான் ஐஸ்" என்றார். ஐஸில் என்ன நம் வீடு, அடுத்தவர் வீடு, தண்ணீர்தானே என்று வாய் வரை வந்தது, ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகி மூடினாள். கொஞ்ச தூரம் போனதும் தழும்புக் கையை எடுத்து இவள் மடியில் வைத்தார். "நல்லாப் பேசுன" என்றார், வெளியே பார்த்துக்கொண்டே. "எனக்கு முதல்ல பயமாத்தான் இருந்துச்சு. ஆனா நல்லாப் பேசுன." பெரியவளின் விரல் தன்னால் அந்த மேட்டுக்குப் போனது, உள்ளே வண்டு பறந்தது, ஓடுகிறது, நன்றாக ஓடுகிறது. இதற்காகத்தானா? இந்த ஒரு வார்த்தைக்காகத்தானா வருடக்கணக்காக விலை பார்த்துக்கொண்டு, எரிந்துகொண்டு... அப்படியென்றால் இப்போது எரியவில்லையா? தேடிப் பார்த்தாள். எரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அடுத்த வருடம் மேடையில் பூ இருக்கும், நாற்காலிக்குச் சட்டை இருக்கும், இவள் முதல் வரிசையில் இருப்பாள், அங்கிருந்து பார்த்தால் பின்பக்க முடிச்சு கண்ணில் படுமா?

"ஆமா" என்றார் கணவர், வாயில் ஐஸைப் புரட்டிக்கொண்டு, "நீ கேட்டதுக்கு அவ என்னதான் பதில் சொன்னா? நாற்காலித் துணி எத்தனை டயாலிசிஸாம்? எனக்குக் கைதட்டுற சத்தத்துல காதுல விழல."

பெரியவள் வாயைத் திறந்தாள். வண்டி சிக்னலில் நின்றது, பக்கத்து வண்டியில் ஒரு குழந்தை இவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தது. கை தோளிலிருந்த ரிப்பன் பூவுக்குப் போனது. இரண்டு விரல் அகலம், முதல் தரம், நாற்காலி முதுகில் கட்டியிருந்த அதே நீலம், மீட்டர் என்ன விலை என்று விரலுக்குத் தெரியும், எத்தனை டயாலிசிஸ் என்றும் தெரியும், இந்தத் துண்டுக்கு ஒரு டயாலிசிஸில் நூறில் ஒரு பங்குகூட வராது, அவ்வளவு சின்னது.

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்" என்றாள். ரிப்பன் கசங்காமல் இருக்கிறதா என்று கை பார்த்துக்கொண்டது.